வண்டிப்பேட்டை லாயம்: திப்பு கட்டியதா, ஜட்காக்காரர்கள் கட்டியதா?

ஜூன் 9, காலை. வாசகர் ஒருவரின் கேள்வி

பவானியிலிருந்து அந்தியூர் போகும் வழியில் உங்கள் ஊரில் டீ குடிக்க நின்றேன். பழைய வண்டிப்பேட்டைக்குள் கல்தூண் வைத்து நீளமாக ஒரு கொட்டகை இருக்கிறதே, அது திப்பு சுல்தானின் குதிரைப்படை லாயம் என்று கடையில் சொன்னார்கள். உண்மையா? உண்மை என்றால் ஒரு பலகைகூட வைக்காமல் ஏன் இப்படிப் போட்டு வைத்திருக்கிறீர்கள்?

ஜூன் 9, இரவு

திப்பு கட்டியதில்லை. என் அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், குதிரை நின்ற இடம் அது. ஜட்கா வண்டிக்காரர்களின் பொது லாயம். ஆளுக்கொரு குதிரை, ஆளுக்கொரு வண்டி. கூரை மட்டும் ஒன்று, தண்ணித்தொட்டி ஒன்று, ராக்காவல் முறைவைத்து. மொத்தம் 12 குதிரை நின்றன. பள்ளிக்கூடம் விட்டால் நான் வீட்டுக்குப் போனதைவிட அங்கே போனதுதான் அதிகம். ஊர்க்காரர்களே இன்று திப்பு என்று சொல்வதைக் கேட்டால் வயிறு எரிகிறது. ராஜா பெயரைச் சொன்னால்தான் ஒரு கட்டடத்துக்கு மரியாதையா?

ஜூன் 11

நேற்று முந்தினநாள் கோபத்தில் எழுதிவிட்டேன். திப்பு பேச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அது அடியோடு ஆகாதது இல்லை. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலை. மலை ஏறி அந்தப்பக்கம் இறங்கினால் கொள்ளேகால், மைசூர்ச் சீமை. 1792 உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) ஆங்கிலேயக் கம்பெனிக்குப் போன பிறகும் கோயம்புத்தூர்ப் பகுதி மைசூர் கையில்தான் இருந்தது, 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழும்வரை. போதாததற்கு அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தை. அங்கே திப்புவே குதிரை பிடித்தார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். ஆக, குதிரைப்படை இந்த வழி வந்து போயிருக்கும். அதை நான் மறுக்கவில்லை.

மறுப்பது கட்டடத்தை. அந்தக் காலப் படைக்குதிரைகளைப் பெரும்பாலும் வெட்டவெளியில் முளை அடித்து, தலைக்கயிறும் பின்னங்கால் கயிறும் போட்டு வரிசையாகக் கட்டினார்கள். நகரும் படைக்குக் கொட்டகை எதற்கு? இரண்டாவது, கூரையில் இருப்பது மங்களூர் ஓடு. மங்களூரில் பாசல் மிஷன் பாதிரிமார்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். திப்பு இறந்து 66 வருசம் கழித்து.

ஜூன் 12

ஓட்டை வைத்து நான் சொன்ன வாதம் செல்லாது. காலையில் பல் விளக்கும்போதே உறைத்தது. ஓட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எங்கள் வீட்டிலேயே நாட்டு ஓட்டை எடுத்துவிட்டு மங்களூர் ஓடு போட்டது என் கண் முன்னால் நடந்தது. கூரையை வைத்துச் சுவருக்கு வயசு சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போய் அளந்து வந்து எழுதுகிறேன்.

ஜூன் 16

அளந்தேன்.

இரண்டு தூணுக்கு நடுவே 5 அடி 2 அங்குலம். நடுவில் மூங்கில் தடுப்பு போட்ட துளைகள் தூணில் இருக்கின்றன. ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையில் ஒரு குதிரை என்று கணக்கு. 12, 13 கை உயர நாட்டுக்குதிரைக்கு அது தாராளம். குதிரைக்காரர் கணக்கில் ஒரு கை என்றால் 4 அங்குலம்.

தரை கருங்கல் பாவியது. சுவர்ப்பக்கம் மேடு, பின்னால் சரிவு, சரிவு முடிகிற இடத்தில் ஒரு சாண் அகலச் சாக்கடை. மூத்திரம் தேங்கக் கூடாது. தேங்கினால் அதன் காரம் குதிரையின் நெஞ்சைக் கெடுக்கும். தீனித்தொட்டி தரையிலிருந்து 3 அடி உயரத்தில், சுவரோடு சேர்த்து. மாட்டுக் கட்டுத்தரையாக இருந்தால் தாழ்வாக இருக்கும். மாடு கட்டினதுதான் என்று நேற்று ஒருவர் எழுதியதற்கு இதுவே பதில்.

தொட்டிக்குக் கீழே, முன்னங்கால் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு கல்லும் கிண்ணம்போலத் தேய்ந்திருக்கிறது. தீனி வர நேரமானால் குதிரை முன்னங்காலால் தரையைப் பறிக்கும். லாடம் அடித்த கால். அந்தப் பள்ளத்தில் என் உள்ளங்கை அப்படியே உட்கார்ந்தது. மழைத்தண்ணி கொஞ்சம் தேங்கிக் கிடந்தது.

வளையங்கள் இரும்பு. கல்லில் துளை போட்டு, வளையத்தின் காலை இறக்கி, சுற்றிலும் ஈயம் உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். நகத்தால் கீறினால் ஈயம் பளிச்சென்று தெரிகிறது.

எண்ணினேன், 11. திரும்ப எண்ணினேன், 11. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டால், “பன்னெண்டுதான் கண்ணு, எனக்குத் தெரியாதா, நாந்தான தெனமும் கொள்ளுச் சட்டி கொண்டு போனது” என்கிறார்.

ஜூன் 17

யார் கட்டினார்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வண்டிப்பேட்டை மனை உள்ளாட்சியுடையது. 1920-ஆம் வருசத்துச் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே வண்டிப்பேட்டை அமைக்கவும் கட்டணம் வாங்கவும் இடம் உண்டு, எங்கள் பக்கம் பல ஊர்களில் அப்படித்தான் பேட்டை வந்தது. ஆனால் மனை கொடுத்தவர்கள் கொட்டகை போட்டுக் கொடுக்கவில்லை. தூண்கல் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் காசு என்பது அப்புச்சி சொன்னது. எங்கள் தூண் கிழக்கிலிருந்து நான்காவது. இன்று அலுவலகப் பதிவேட்டில் அது “பழுதடைந்த மாட்டுக்கொட்டகை” என்று இருக்கிறதாம். இடிப்பதற்குச் சுலபமான பெயர்.

ஜூன் 23

லாயம் எப்படி நடந்தது என்று விவரமாகக் கேட்டவருக்கு. இதைத்தான் எழுத ஆசைப்பட்டேன், திப்பு வந்து நடுவில் புகுந்துகொண்டார்.

விடிகாலை நாலு மணிக்கு முதல் ஆள் வருவார். ராந்தல் அவர் கையில். முந்தின ராத்திரி அண்டாவில் ஊறவைத்த கொள்ளை அடுப்பேற்றி, குழைய வேகவைத்து, உப்புப் போட்டு மசிப்பார்கள். 12 குதிரைக்கும் ஒரே அண்டா. ஆனால் அளவு குதிரைக்குக் குதிரை வேறு. அன்றைக்கு ஈரோடு ஸ்டேஷன் வரைக்கும் போகிற குதிரைக்குக் கூட ஒரு படி, ஊருக்குள் ஓடுகிறதுக்குக் குறைவு, வேலை இல்லாமல் நிற்கிறதுக்கு வெறும் புல். வேலைக்கு ஏற்ற தீனி என்பதை அந்த ஆட்கள் ஒரு புத்தகமும் படிக்காமல் வைத்திருந்தார்கள். கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும் என்கிற பழமொழியை மனுசர்களுக்குச் சொல்கிறோம். நான் அதை அச்சு அசலாகத் தினமும் பார்த்தேன்.

புல் அருகம்புல்தான். கோடையில் கிடைக்காதபோது காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்திலிருந்து காய்ந்த கொழுக்கட்டைப்புல் பாரவண்டியில் வரும். அந்த வாசம் லாயம் முழுக்க இருக்கும்.

தண்ணி பெரிய பாடு. ஒரு குதிரை நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கும். கிணற்றில் ராட்டினம் போட்டுக் கையால் இறைப்பது. யார் கடைசியாகத் தொட்டியில் தண்ணி காட்டினாரோ அவர் நிரப்பிவிட்டுத்தான் போகவேண்டும். நிரப்பாமல் போனவருக்கு மறுநாள் ராக்காவல். தண்டனை அவ்வளவுதான், ஆனால் யாரும் தப்பித்துப் பார்த்ததில்லை.

லாயக்காசு தினம் நாலணா, ஒரு பித்தளைச் சொம்பில். லாடக்காரர் மாதம் இரண்டு தரம் வருவார், ஒவ்வொரு குதிரைக்கும் ஆறு ஏழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி லாடம் மாற்றுவார். கூலி சொம்பிலிருந்து போகும். லத்தியை மஞ்சள் தோட்டக்காரர்கள் வண்டி கணக்கில் எடுத்துப்போவார்கள், அந்தக் காசு சீமெண்ணெய்க்கு. குதிரை லத்தி மாட்டுச்சாணியைவிடச் சூடு, குவித்து வைத்தால் மார்கழிக் காலையில் ஆவி பறக்கும். நாங்கள் கையை நீட்டிக் குளிர் காய்வோம்.

குதிரை கெட்டுப்போனவருக்கு, அதாவது நொண்டியோ காய்ச்சலோ வந்துவிட்டால், மற்றவர்கள் முறைபோட்டுத் தங்கள் குதிரையை அரைநாள் கொடுப்பார்கள். வாடகை கிடையாது. இதை எந்தத் தாளிலும் யாரும் எழுதவில்லை.

ஜூன் 24

ஒரு திருத்தம். எல்லா 12 பேரும் கொடுத்துவிடவில்லை என்று அம்மா சொல்கிறார். இரண்டு பேர் கடைசிவரைக்கும் தங்கள் குதிரையை அடுத்தவர் கையில் விட்டதே இல்லையாம். அதற்காக அவர்களை யாரும் ஒதுக்கவும் இல்லை. அதுவும் சரிதான், வேறு கை கடிவாளம் பிடித்தால் சில குதிரைக்கு வாய் கெட்டுவிடும்.

ஜூன் 30

விவாதம் எங்கோ போய்விட்டது. இருந்தாலும் சொல்கிறேன்.

“கொங்குக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம், இது மாட்டுச் சீமை” என்று எழுதியவருக்கு: கொல்லிமலை ஓரியும் அவனைக் கொன்ற காரியும் குதிரையாலேயே அறியப்பட்டவர்கள். காரிக்குதிரைக் காரி, ஓரிக்குதிரை ஓரி என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. நம்மூர்க் கருப்பணசாமி, முனியப்பன் கோயில் வாசலில் நிற்கும் சுடுமண் உருவாரங்களைப் பாருங்கள். மாடு எத்தனை, குதிரை எத்தனை என்று எண்ணிவிட்டு வாருங்கள்.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது பற்றி எழுதியவருக்கு: அது குதிரை இல்லை, குதிர், ஆற்று நடுவே இருக்கும் மணல்திட்டு என்று பலர் விளக்கம் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உருவாரம் சுடுகிற ஊரில் வளர்ந்தவனுக்கு, பச்சை மண்ணில் பிடித்த குதிரை தண்ணி பட்டால் கரைவது கண்ணுக்குத் தெரிந்த விசயம். எனக்குக் குதிரையே போதும்.

ஜூலை 14

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

அப்புச்சியின் குதிரை பேர் மயிலை. மாட்டுக்குச் சொல்கிற நிறம், குதிரைக்கு வைத்திருந்தார். சாம்பல் பெட்டை. ஜட்காவில் ஆள் ஏறினால் தானே முன்காலை ஊன்றிப் பாரத்தைச் சரிபார்க்கும். “முன்னால வாங்கோ, முன்னால வாங்கோ” என்று அப்புச்சி சவாரிகளைக் கூப்பிடுகிற வரைக்கும் ஓர் அடி எடுத்து வைக்காது. பின்பாரம் ஆனால் ஏர்க்கால் மேலே தூக்கும், வயிற்றுப் பட்டை இறுக்கும் என்பது அதற்குத் தெரியும்.

1976, பங்குனி. எனக்கு 9 வயசு. அந்த வாரம் கொள்ளு மூட்டை புதிதாக வந்திருந்தது. மயிலைக்குக் கையில் ஒரு பிடி கொடுக்கலாம் என்று தீனி அறைத் தாழ்ப்பாளைத் திறந்தேன். கொடுத்தேன். அமுச்சி (அம்மாவின் அம்மா) கூப்பிட்டாள் என்று ஓடிவிட்டேன். தாழ்ப்பாள் போடவில்லை, மயிலையின் கயிற்றையும் நான் தளர்த்திக் கட்டியிருந்தேன்.

சாயங்காலம் பார்க்கும்போது மூட்டையில் பாதி காணோம். வேகாத, ஊறாத காய்ந்த கொள்ளு. தின்றுவிட்டுத் தண்ணியும் குடித்திருந்தது. குதிரைக்கு வாந்தி வராது. உள்ளே போனது போனதுதான். வயிறு உப்பி, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுக்கும், எழும், உருளப் பார்க்கும். வியர்வை உடம்பெல்லாம் சொட்டியது.

அன்று ராத்திரி 12 பேரும் வந்தார்கள், குதிரையை யாருக்கும் கொடுக்காத அந்த இரண்டு பேர் உட்பட. படுத்து உருளவிடாமல் நடத்தவேண்டும். பேட்டையைச் சுற்றி ஆளுக்குக் கால்மணி நேரம். ஒருவர் கடிவாளம் பிடிக்க, ஒருவர் பக்கத்தில் ராந்தலோடு. பாய் ஒருவர், வயசில் எல்லாருக்கும் மூத்தவர், ஒவ்வொரு சுற்றுக்கும் குதிரை வயிற்றில் காதை வைத்துக் கேட்பார். குடல் சத்தம் வருகிறதா என்று. நான் கிணற்றுத் திண்டில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. யார் தாழ்ப்பாள் திறந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கோழி கூப்பிடுகிற நேரத்துக்கு அவர் காதை எடுத்துவிட்டு, “ஓடுது” என்றார். கொஞ்ச நேரத்தில் லத்தி போட்டது. அத்தனை பேரும் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

மயிலை பிழைத்தது. அந்த ஆடியில் அப்புச்சி அதை விற்றுவிட்டார், வயசாகிவிட்டது என்றார்கள். அதோடு வண்டியையும் விட்டார். டவுன் பஸ் வந்த பிறகு ஜட்கா ஒவ்வொன்றாக நின்றது, பிறகு ஆட்டோ. லாயத்தின் கதையும் அங்கேயே முடிகிறது.

ஆகஸ்ட் 18

அங்கே முடியவில்லை.

ஆடித் திருவிழாவுக்கு அந்தியூர் போய்வந்தேன். மகமேருத் தேரை எட்ட நின்று கும்பிட்டுவிட்டு நேரே குதிரைகளிடம் போனேன். மார்வாரி, கத்தியவார், வெள்ளைவெளேரென்று நொக்ரா. காது நுனி இரண்டும் உள்வளைந்து ஒன்றை ஒன்று தொடப் பார்க்கும் மார்வாரிக் குதிரை முன்னால் சின்னப்பிள்ளைபோல அரைமணி நேரம் நின்றேன். வாய் திறந்து பல் பார்க்கிறார்கள், சுழி பார்க்கிறார்கள். அஞ்சு வயசில் பல் சேர்ந்துவிடும், அதற்கப்புறம் பல்லின் குழி தேய்வதை வைத்து வயசு மதிப்பார்கள்.

ஓரமாக ஒரு குதிரை விசித்திரமாக நின்றது. முன்னங்கால் இரண்டையும் நீட்டி, பாரத்தை எல்லாம் பின்னங்காலில் போட்டு, சுவரில் சாய்கிற ஆள் மாதிரி. பக்கத்தில் வயசான லாடக்காரர் ஒருவர். என்னங்கய்யா இதுக்கு என்றேன்.

“கொள்ளு கால்ல எறங்கிருச்சுங்க. தீனி மூட்டைய அவுத்துத் தின்னுருக்கும். வயிறு தப்பிக்கும், ரெண்டு மூணு நாள் கழிச்சுக் குளம்புக்குள்ள வீங்கும். உள்ள வீக்கம், வெளிய ஓடு, அது எங்க போவும்?” குளம்பைக் காட்டினார். குறுக்கே வரிவரியாக வளையம், முன்னால் நெருக்கம், குதிகால் பக்கம் அகலம். தொட்டால் சூடு.

“காலில் இறங்கிடுச்சு.” இதே வார்த்தையை அப்புச்சி சொன்னார். அந்த ராத்திரிக்கு அப்புறம் ஒருநாள், அமுச்சியிடம், மெதுவாக. அலுப்பு காலுக்கு இறங்கிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். மயிலை அப்புறம் இப்படித்தான் நின்றது. அமர்த்தலாக நிற்கிறது என்று நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன்.

ஆகஸ்ட் 19

அம்மாவிடம் கேட்டேன். ஆமாம் என்றார். வயசாகி விற்கவில்லை, மயிலைக்கு அப்போது எட்டு வயசுதான். வண்டிக்கு ஆகாது, குட்டி போட ஆகும் என்று ஒருவர் பாதிக்கும் குறைந்த விலைக்கு வாங்கிப்போனார். “உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு அப்புச்சி சத்தியம் வாங்கிட்டாங்க. பேட்டையில அத்தன பேருக்குந் தெரியும், ஒருத்தர் வாயத் தெறக்கல.”

12 குடும்பம், 48 வருசம்.

ஆகஸ்ட் 25

லாயம் இடிக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வாங்குங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் மனுவில் திப்பு பெயரைப் போடாதீர்கள். போட்டால் சீக்கிரம் வேலை நடக்கும் என்று தெரியும். போடாதீர்கள். ஜட்கா வண்டிக்காரர் பொது லாயம் என்று எழுதுங்கள்.

செப்டம்பர் 8

12-வது வளையம் கிடைத்துவிட்டது.

அம்மாவையே ஆட்டோவில் கூட்டிப் போனேன். கொட்டகைக்குள் அவர் நுழையவே இல்லை. நேரே பின்பக்கம் கிணற்றைத் தாண்டிப் போய் வேப்பமரத்தடியில் நின்றார். “இங்கதான்.”

புதுசாக வாங்கி வந்த குதிரையை முதலில் இங்கேதான் கட்டுவார்களாம், மூக்கு ஒழுகுகிறதா, கட்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே. அதற்குத் தனி வாளி, பொதுத்தொட்டியில் வாய் வைக்க விடமாட்டார்கள். கிளாண்டர்ஸ் என்கிற நோய்ப் பயம். குதிரைகளுக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பொதுத்தண்ணி வழியாகப் பரவும், மனுசருக்கும் ஒட்டும், வந்த குதிரையைக் கொன்று புதைக்கச் சொல்லி 1899-லேயே சட்டம் வந்தது. 12 குதிரை ஒரே தொட்டியில் எப்படி இத்தனை வருசம் நோயில்லாமல் குடித்தன என்று ஜூன் மாதமே ஒருவர் கேட்டிருந்தார். பதில் இந்த மரம்.

இன்னொன்றும் சொன்னார். மரத்தடியில் கல் பாவவில்லை, மணல். குளம்பு வீங்கின குதிரைக்குக் கல்தரை ஆகாது என்று ஆற்று மணல் கொண்டுவந்து முழங்கால் ஆழம் கொட்டி, பொழுதுக்கும் ஈரமாக வைத்திருந்தார்கள். மயிலை பங்குனியிலிருந்து ஆடிவரைக்கும் நின்றது இங்கே. மணல் நனைத்தது முறைபோட்டு, 12 பேரும்.

வளையம் கல்லில் இல்லை, மரத்தில். என் நெஞ்சு உயரத்தில் பட்டையைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். வேம்பு பாதி இரும்பை விழுங்கிவிட்டது, ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் வெளியே தெரிகிறது. கீழே குச்சியால் கிளறினால் இன்னும் மணல் வருகிறது.